கட்சி மேடை ஏறியவர் நீதிபதி ஆகலாமா?

ஒரு வழக்கறிஞரை நீதிபதி பதவிக்குப் பரிந்துரைத்ததும், அவர் எந்தக் கட்சியில் இருந்தார் என்று தோண்டத் தொடங்கிவிடுகிறோம். தோண்டட்டும், தவறில்லை. ஆனால் அரசியல் தொடர்பு தென்பட்ட மாத்திரத்தில் ஆளை ஒதுக்கிவிடச் சொல்வதை ஏற்க முடியாது. அந்த அளவுகோலை அன்று கறாராகப் பிடித்திருந்தால் வி.ஆர். கிருஷ்ணய்யர் உச்ச நீதிமன்றத்துக்கே வந்திருக்க முடியாது.

பாலக்காட்டில் பிறந்து, சென்னையில் சட்டம் படித்து, தலச்சேரியில் வழக்காடியவர் அவர். கம்யூனிஸ்டுகளுக்கு உதவினார் என்று 1948இல் சிறையில் அடைத்தார்கள். 1952இல் கம்யூனிஸ்ட் ஆதரவு பெற்ற சுயேச்சையாகக் கூத்துப்பறம்பிலிருந்து சென்னை சட்டமன்றத்துக்கு வந்தார். மலபார் அப்போது சென்னை மாநிலத்தோடு இருந்தது. 1957இல் கேரளத்தின் ஈ.எம்.எஸ். அமைச்சரவையில் சட்டம், சிறை, மின்சாரம், பாசனம் என்று பல துறைகள் அவரிடம் வந்தன. 1959இல் மத்திய அரசு அந்த ஆட்சியைக் கலைத்தது. 1965 தேர்தலில் தோற்றவர், 1968இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதியானார்.

1973இல் அவரை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தபோது பம்பாய் வழக்கறிஞர்கள் சிலர் எதிர்த்தார்கள். முன்னாள் அமைச்சர், அதுவும் இடதுசாரி. அந்தச் சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் அமைச்சராக இருந்ததில் அவர் கற்றது என்ன? ஏழைகளுக்கான சட்ட உதவி விதிகளைக் கேரளம் கொண்டுவந்தது அவர் சட்ட அமைச்சராக இருந்த காலத்தில். அந்தச் சிந்தனையை 1973இல் மத்திய அரசின் சட்ட உதவிக் குழுத் தலைவராக நாடு முழுவதற்கும் விரித்து அறிக்கை கொடுத்தார். வக்கீல் வைக்க வழியில்லாத கைதிக்கு அரசே வக்கீல் அமர்த்த வேண்டும் என்று 1978இல் நீதிபதியாகத் தீர்ப்பும் எழுதினார். திகாரில் சக கைதியை வார்டர் வதைத்ததைப் பற்றி, மரண தண்டனைக் கைதி சுனில் பத்ரா ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. 1979 டிசம்பரில் அதில் தீர்ப்பெழுதியவர் கிருஷ்ணய்யர். கைதியாக உள்ளே கிடந்தவர், பிறகு சிறைத் துறையையே நடத்தியவர்; அந்தக் கடிதத்தை வேறு எவர் அப்படிப் படித்திருப்பார்?

அதற்கும் பெரிய சோதனை 1975 ஜூனில் வந்தது. இந்திராவின் தேர்தல் செல்லாது என்ற அலகாபாத் தீர்ப்புக்குத் தடை கேட்டு மேல்முறையீடு. கோடை விடுமுறைக்கால நீதிபதி கிருஷ்ணய்யர். சட்ட அமைச்சர் எச்.ஆர். கோகலே, அவரை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுவருவதில் பங்கிருந்தவர், தொலைபேசியில் அழைத்து நேரில் பார்க்க வேண்டும் என்றார். மனுவைப் பதிவாளரிடம் கொடுங்கள், சந்திப்பு தேவையில்லை என்று கிருஷ்ணய்யர் முடித்துக்கொண்டார். ஜூன் 24இல் தந்தது நிபந்தனைத் தடை மட்டுமே: இந்திரா பிரதமராக நீடிக்கலாம், அவையில் வாக்களிக்க முடியாது. மறுநாள் இரவு நெருக்கடி நிலை வந்தது.

இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. பஹாருல் இஸ்லாம் 1972இல் மாநிலங்களவை காங்கிரஸ் உறுப்பினர் பதவியை விட்ட கையோடு குவாஹாட்டி உயர் நீதிமன்ற நீதிபதியானார். 1980இல் உச்ச நீதிமன்றம். 1982 டிசம்பரில் பீகாரின் காங்கிரஸ் முதல்வர் ஜகந்நாத் மிஸ்ரா மீதான வழக்கைக் கைவிட அனுமதித்த பெரும்பான்மைத் தீர்ப்பில் இருந்தவர், அடுத்த மாதமே ராஜினாமா செய்து காங்கிரஸ் வேட்பாளரானார். எந்தக் கட்சியிலும் இல்லாத ரஞ்சன் கோகோய், தலைமை நீதிபதியாக ஓய்வு பெற்ற நான்கே மாதத்தில், 2020 மார்ச்சில், மாநிலங்களவை நியமன உறுப்பினரானார். ஆகவே பழைய கட்சி அட்டையைத் தேடுவதால் மட்டும் நீதிமன்றம் காப்பாற்றப்பட்டுவிடாது. அரசியலுக்கும் நீதிபதி நாற்காலிக்கும் இடையில் எத்தனை காலம் விடப்பட்டது என்பதே நம் கவலை.

கிருஷ்ணய்யருக்குக் கடைசித் தேர்தலுக்கும் நீதிபதிப் பதவிக்கும் நடுவே மூன்று ஆண்டுகள் இருந்தன. ஓய்வுக்குப் பின் ஏழாவது ஆண்டில்தான் எதிர்க்கட்சிகளின் குடியரசுத் தலைவர் வேட்பாளரானார். குறைந்தபட்சம் அந்த மூன்று ஆண்டையாவது, பதவிக்கு முன்னும் பின்னும், நாடாளுமன்றம் சட்டமாக்க வேண்டும். பரிந்துரைக்கப்படுபவர் வகித்த கட்சிப் பொறுப்புகளையும் போட்டியிட்ட தேர்தல்களையும், அவற்றை அறிந்தும் ஏன் தேர்ந்தெடுத்தோம் என்பதையும் கொலீஜியம் எழுத்தில் வெளியிடட்டும்.