ஹந்திகோடு உணர்த்தும் பாடம்: மூட்டு நோய்ப் பதிவில் துல்லியம்

கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில், சாகர் அருகே ஹந்திகோடு என்னும் சிற்றூர் உள்ளது. 1970களின் நடுப்பகுதியில், அவ்வட்டாரத்துத் தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களில் இடுப்பும் முழங்காலும் வலித்து நடை முடங்கும் நோயொன்று கவனத்துக்கு வந்தது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள் 1977இல் அதனை மலைநாட்டின் குடும்பவழி மூட்டழற்சி என்று பதிவு செய்தனர். வயல் நண்டின் மீதும் பூச்சிக்கொல்லியின் மீதும் ஐயம் எழுந்தது. பின்வந்த மரபியல் ஆய்வுகளோ, பெற்றோருள் ஒருவரிடமிருந்து மட்டுமே கூடப் பிள்ளைக்கு வரக்கூடிய எலும்பு வளர்ச்சிக் கோளாறு இது என்று காட்டின.

உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாம் நோய் வகைப்பாட்டில் இவ்விரு பெயர்களும் வெவ்வேறு அத்தியாயங்களுக்கு உரியவை. மூட்டழற்சி ‘எம்’ வரிசையிலும், எலும்பு வளர்ச்சிக் கோளாறு ‘க்யூ77’ என்னும் பிரிவிலும் அடங்கும். முன்னதில் எழுதினால் வலிநிவாரணியோடு சிகிச்சை நின்றுவிடக்கூடும். பின்னதில் எழுதினால் குடும்பம் முழுவதற்கும் மரபியல் ஆலோசனை தேவை என்பது புலப்படும்.

மைசூரு மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்கும் இது அயலூர்ச் செய்தியன்று. பல மூட்டுகளில் வலியென்று வருவோர் அனைவரையும் ‘வகை குறிப்பிடப்படாத பன்மூட்டழற்சி’ என்னும் எம்13.0இல் அடைப்பது எளிது. ஆனால் முடக்குவாதம் எம்05, எம்06 ஆகியவற்றுக்கும், பன்மூட்டுத் தேய்வு எம்15க்கும் உரியன. இரு முழங்கால்கள் மட்டும் தேய்ந்திருப்பின் அது எம்15 அன்று. முழங்காலுக்குரிய எம்17 ஆகும். முடக்குவாதத்திற்கு மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்து தாமதமின்றித் தொடங்கப்பட வேண்டும். தேய்வுக்கு அது வழக்கமான மருந்தன்று. பிரிவு பிழைத்தால் மருத்துவமனையின் ஆய்வுத் தரவும் பிழைக்கும்.

கூட்டம் நெருக்கும் புறநோயாளர் பிரிவில் இத்துணை நுட்பம் இயலுமா என்று கேட்கலாம். எந்தெந்த மூட்டுகள், எந்தப் பக்கம், எத்தனை நாள், வீக்கமும் நீடித்த காலை நேர இறுக்கமும் உண்டா என்னும் நான்கு குறிப்புகளுக்கு இரண்டு வரிகள் போதும். மருத்துவர் எழுதாததைக் குறியீட்டாளர் ஊகித்து நிரப்பலாகாது. ஐயமெனில் மருத்துவரிடமே கேட்டல் வேண்டும்.

முதல் நாளில் ‘குறிப்பிடப்படாத’ என்று எழுதுவது நேர்மை. சோதனை முடிவுகள் வந்து நோய் தெளிவான பின்னும் அச்சொல்லே நீடித்தால் அது அலட்சியம். ஆகவே குறியீட்டை எழுத்தர் பணியென ஒதுக்காமல், நோயறியும் கல்வியின் பகுதியாகவே மாணவர்க்குக் கற்பிக்க வேண்டும்.