பேய்ப் படம் வீடு தேடி வந்தால் பணம் யாருக்கு?

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்டு வேலை பார்ப்பவர்களுக்குப் பேய்ப் பயம் கிடையாது. இருட்டுக்கு அஞ்சுகிறவன் விடிய விடிய எந்திரத்தின் முன்னால் நிற்க முடியுமா? ஆனால் பேய்ப் படம் என்றால் அவர்களுக்கும் ஆசைதான். கொட்டகைக்குப் போக நேரம் ஏது? காலையில் சென்னைக்குப் போகும் மின்சார ரெயிலில் உட்கார்ந்ததும் செல்போனைத் திறக்கிறார்கள். பேய் அங்கேயே வந்து விடுகிறது!

இதே மாவட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. சினிமாவில் அமாவாசை என்றால் பேய் உலாவும் இரவு. திருவள்ளூரிலோ அமாவாசைக்குத்தான் வீரராகவப் பெருமாளைத் தரிசிக்க ஜனங்கள் குடும்பம் குடும்பமாக வந்து குவிகிறார்கள். முதல் நாள் இரவே வந்து கோவில் அருகில் படுத்துத் தூங்குகிறவர்களும் உண்டு. பேய்க்குப் பயப்படுவது வேறு, பேய்ப் படம் பார்ப்பது வேறு.

செல்போனில் வரும் அந்தப் பேய்க்கு யார் பணம் கொடுக்கிறார்கள்? அது படம் எடுத்தவர் கைக்குப் போய்ச் சேருகிறதா? இதுதான் சிறிய பட முதலாளிகளின் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி.

ஒரு வீடு போதும்

சண்டைப் படத்துக்குக் கார்கள் நொறுங்க வேண்டும். காதல் படத்துக்கு மலையும் அருவியும் வேண்டும். பேய்ப் படத்துக்கு ஒரு பழைய வீடு, நாலு நடிகர்கள், நிறைய இருட்டு இருந்தால் போதும். அதனால்தான் கையில் காசு இல்லாத புது டைரக்டர்கள் பேயைத் தேடிப் போகிறார்கள். அமெரிக்காவில் 1978-ல் வந்த 'ஹாலோவீன்' படத்துக்கு 3 லட்சத்துச் சொச்சம் டாலர்தான் செலவு. 1999-ல் வெளிவந்த 'பிளேர் விட்ச் பிராஜக்ட்' படப்பிடிப்புக்குச் சில பத்தாயிரம் டாலர்களே ஆயின. வசூலோ ஏறக்குறைய 25 கோடி டாலர்!

தமிழ்நாட்டில் இதற்கு நல்ல உதாரணம் 'பீட்சா'. 2012 அக்டோபர் 19-ந் தேதி வெளிவந்தது. டைரக்டர் கார்த்திக் சுப்பராஜுக்கு அது முதல் படம். தயாரித்தவர் சி.வி.குமார். விஜய் சேதுபதி அப்போது பெரிய நட்சத்திரம் அல்ல. செலவு சுமார் ஒன்றரைக் கோடி ரூபாய் என்று சினிமா வட்டாரத்தில் பேசப்பட்டது. பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் வாலிபன் ஒரு பங்களாவுக்குள் மாட்டிக் கொள்கிறான். பாதிப் படம் கைவிளக்கு வெளிச்சத்தில் நடக்கிறது. முடிவை இங்கே சொல்வது தர்மம் அல்ல. படம் ஓடியது. 2013-ல் கன்னடத்திலும், 2014-ல் இந்தியிலும் மறுபடி எடுக்கப்பட்டது.

ஆனால் ஓடும் படத்துக்கும் கொட்டகை வசூல் சில வாரங்களில் முடிந்து விடும். சிறிய படத்துக்கு அதன் பிறகு வீட்டிலிருந்து வரும் பணம்தான் ஜீவன். அந்த வழியில்தான் எப்போதும் தகராறு.

டெக் காலம்

1982-ல் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தபோது கலர் டெலிவிஷன் வந்தது. பின்னாலேயே வீடியோவும் வந்தது. சிவராத்திரி, வைகுண்ட ஏகாதசி என்றால் தெருவுக்குத் தெரு 'டெக்'கும் டெலிவிஷனும் வாடகைக்கு எடுத்து, விடியும்வரை மூன்று, நான்கு படங்கள் போட்டார்கள். கொட்டகைக்காரர்கள் பதறினார்கள். வீடியோவில் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்த 1984-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது.

அதே சமயத்தில் இங்கிலாந்திலும் ரகளை. 'ஈவில் டெட்' என்ற குறைந்த செலவுப் பேய்ப் படத்தை 1983-ல் கொட்டகையிலும் கேசட்டிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வெளியிட்டார்கள். கேசட் அமோகமாக விற்றது. குழந்தைகள் கெட்டுப் போகிறார்கள் என்று கூச்சல் எழுந்தது. 1984-ல் அங்கேயும் வீடியோவுக்குச் சட்டம்!

நைஜீரியாவில் கென்னத் நெபூ என்ற வீடியோ நாடா வியாபாரி, சட்டம், கொட்டகை இரண்டையும் பற்றிக் கவலைப்படவில்லை. பணத்துக்காக மனைவியைப் பலி கொடுத்தவனை அவள் ஆவி துரத்தும் கதையைத் தயாரித்து, 1992-ல் நேராகக் கேசட்டிலேயே விற்றார். 'லிவிங் இன் பாண்டேஜ்' என்ற அந்தப் படத்தின் வெற்றியில் ஒரு பெரிய சினிமாத் தொழிலே முளைத்தது.

தமிழ்நாட்டில் அப்படி நடக்கவில்லை. கேசட்டைப் பிரதி எடுத்தால் ஒவ்வொரு பிரதிக்கும் படம் மங்கும். திருடனுக்கும் அதனால் ஓர் எல்லை இருந்தது. வட்டத் தகடு வந்தபின் ஆயிரமாவது பிரதியும் முதல் பிரதி போலவே இருந்தது. திருட்டு வி.சி.டி. ஊரெல்லாம் பரவியது. 2004-ல் வீடியோ திருடர்களையும் குண்டர் சட்டத்தில் சேர்த்தார்கள்.

பேய்ப் படத்துக்குத் திருட்டுப் பிரதி இரட்டை நஷ்டம். கொட்டகையில் ஒளித்து வைத்துப் படம் பிடித்தால் இருட்டுக் காட்சி வெறும் கறுப்பாகி விடும். திடுக்கிட வேண்டிய இடத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் இருமுவார்! முடிவின் ரகசியமும் வெளியே போய்விடும். அப்புறம் யார் டிக்கெட் வாங்குவார்?

நேர்மையாக விற்கவும் முயன்று பார்த்தார்கள். 2007-ல் மோசர் பேயர் கம்பெனி வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் கொடுத்தது. திருட்டுப் பிரதிக்குப் போட்டியான விலைதான். பிறகு தகடு வியாபாரமே தேய்ந்தது. 2018-ல் அந்தக் கம்பெனியைக் கலைக்கும்படி உத்தரவாயிற்று. 2013-ல் கமல்ஹாசன் 'விஸ்வரூப'த்தை டி.டி.எச். வழியாக முதலில் வீட்டுக்கே கொண்டுவர நினைத்தார். கொட்டகைக்காரர்கள் எதிர்த்தார்கள், அது நடக்கவில்லை. 2015-ல் டைரக்டர் சேரன் தம் படத்தை நேராக டி.வி.டி.யில் வெளியிட்டு, வீடு வீடாக விற்க ஆள் ஏற்பாடு செய்தார். அந்த முயற்சியும் நிலைக்கவில்லை.

2020-ல் கொரோனா வந்து கொட்டகைகளை மூடியதும் எதிர்ப்பு எல்லாம் அடங்கியது. 'பீட்சா' எடுத்த அதே கார்த்திக் சுப்பராஜின் கம்பெனி தயாரித்த மர்மப் படமான 'பெண்குயின்', 2020 ஜூன் 19-ல் அமேசான் பிரைமில் நேராக வீட்டுக்கு வந்தது. லாரன்சின் 'காஞ்சனா' பேய் இந்தி கற்றுக்கொண்டு 'லட்சுமி' ஆகி, அதே ஆண்டு நவம்பரில் ஹாட்ஸ்டாரில் வந்தது. கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் ஒடிசா, பீகார் தொழிலாளர்களுக்கும் நம் ஊர்ப் பேய் பழக்கமாகி விட்டது!

ஆனால் கவனிக்க வேண்டியது ஒன்று. 'பெண்குயின்' படத்தில் கீர்த்தி சுரேஷ் இருந்தார். 'லட்சுமி'யில் அக்ஷய் குமார் இருந்தார். வட்டத் தகடு காலத்தில் பெயர் தெரியாத நடிகரின் படத்துக்கும் கடையில் ஓர் இடம் கிடைத்தது. அட்டையில் ஒரு கோரமுகம் போட்டால் பத்துப் பேராவது வாங்குவார்கள். இப்போது வீட்டு வாசலில் நாலைந்து பெரிய கம்பெனிகள் காவல் நிற்கின்றன. அவை வாங்கினால்தான் படம் உள்ளே போகும். நட்சத்திரம் இல்லாத படம் என்றால், "கொட்டகையில் எத்தனை நாள் ஓடியது?" என்றுதான் கேட்கின்றன.

ஆகவே சிறிய தயாரிப்பாளர் கடன் வாங்கியாவது சில கொட்டகைகளைப் பிடிக்கிறார். கிடைப்பது பெரும்பாலும் பகல் காட்சிதான். வெள்ளிக்கிழமை முதல் காட்சி தொடங்கும்போது, அந்தப் படத்தைப் பார்க்க வேண்டிய இரவு ஷிப்டு ஆட்கள் கும்மிடிப்பூண்டியில் தூங்கிக் கொண்டிருப்பார்கள். அவர்கள் எழுந்திருப்பதற்குள் திருட்டுப் பிரதி செல்போனுக்கு வந்து சேர்ந்திருக்கும்.