நெஞ்சு வலித்தால் வாயுவா?

“ஒண்ணுமில்லேங்க, வாயுப் பிடிப்பு!” இந்தப் பேச்சை நம்பி நம் லயங்களிலிருந்து எத்தனை பேரைத் தூக்கிக்கொண்டு போய் அடக்கம் செய்திருக்கிறோம்! செம்பனைக் குலையைத் தள்ளுவண்டியில் ஏற்றும்போது நெஞ்சை அடைக்கிறது, இடக்கை கனக்கிறது, வேர்த்துக் கொட்டுகிறது. கொஞ்சம் உட்கார்ந்தால் விட்டுவிடுகிறது. உடனே ஓமத் தண்ணீர், தைலம். மறுநாள் விடியுமுன் பெரட்டில் ஆள் நிற்கிறார்.

சிலர் கிளினிக்குக்கும் போகிறார்கள். ஈ.சி.ஜி. எடுத்து, “நல்லாத்தான் இருக்கு” என்று சொன்னதும் நிம்மதியாகத் திரும்பிவிடுகிறார்கள். இங்கேதான் ஆபத்து இருக்கிறது. இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் சுருங்கியிருந்தாலும், ஆள் அமைதியாகப் படுத்திருக்கும்போது எடுக்கும் ஈ.சி.ஜி.யில் அது தெரியாமலே போகலாம். குழாயையே பார்க்க வேண்டுமானால் கையிலோ தொடையிலோ குழல் விட்டு, மருந்து செலுத்தி, எக்ஸ்ரே படம் எடுக்க வேண்டும். அதற்குப் பயப்படாதவர் யார்?

இந்த இடைவெளியை நிரப்பத்தான் விஞ்ஞானிகள் இதயத்தின் காந்தத்தைப் படிக்கப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தில் மின்சாரம் ஓடுகிறது. மின்சாரம் ஓடும் இடத்தில் காந்தமும் உண்டு. இரத்தம் போதாத தசையில் மின்னோட்டம் மாறும், அதோடு காந்தத்தின் கோலமும் மாறும். அந்த மாற்றத்தை நெஞ்சுக்கு மேலே ஒரு கருவியை நிறுத்திப் பிடிக்கலாம். ஊசியில்லை, கதிர்வீச்சு இல்லை, சட்டை ரவிக்கை கழற்ற வேண்டியதில்லை. நம் பெண்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் புடவை ஊக்கைக் கழற்றித்தான் ஆக வேண்டும். இரும்புத் துண்டு ஒன்று போதும், இதயத்தின் குரலை அமுக்கிவிடும்!

ஏனென்றால் அந்தக் குரல் அவ்வளவு மெல்லியது. பூமியின் காந்தத்தில் ஏறத்தாழ 10 லட்சத்தில் ஒரு பங்குதான். 1963இல் அமெரிக்காவில் பாவுல், மெக்ஃபீ என்ற இருவர் கம்பிச் சுருள்களை வைத்து முதன்முதலாக அதைப் பிடித்தார்கள். 1970இல் டேவிட் கோஹன் என்பவர், வெளிக் காந்தம் நுழையாத அறைக்குள் அதைத் தெளிவாகப் பதிவு செய்து காட்டினார். அவர் பயன்படுத்திய வகைக் கருவிக்கு, சுழியத்துக்குக் கீழே 269 டிகிரி குளிரில் இருக்கும் திரவ ஹீலியம் வேண்டும். செலவைக் கேட்கவா வேண்டும்? இப்போது அந்தக் குளிர் தேவைப்படாத கருவிகளும் வந்திருக்கின்றன. ஆனாலும் ஈ.சி.ஜி.யைப் போல ஊருக்கு ஊர் நடக்கும் சோதனையாக இது ஆகவில்லை. சுருங்கிய குழாயை எவ்வளவு நம்பிக்கையோடு கண்டுபிடிக்கும் என்பதும் இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிறது.

ஆகவே அந்தக் கருவி வரட்டும் என்று நாம் காத்திருக்க முடியாது. இரத்த அழுத்தம், இனிப்புநீர், கொழுப்பு ஆகியவற்றைப் பார்க்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. சொக்சோ 2013இலேயே 40 வயதான சந்தாதாரர்களுக்கு இலவசப் பரிசோதனையைத் தொடங்கியது. அரசாங்க உதவித்தொகை பெறும் குடும்பங்களுக்கு 2019இல் பெக்கா பி40 திட்டம் வந்தது. நம்மில் எத்தனை பேர் போனோம்?

போகாததற்குச் சோம்பல் மட்டும் காரணமல்ல. கிளினிக் பட்டணத்தில் இருக்கிறது. பஸ் வருவதே பெரும்பாடு. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய சம்பளம் போச்சு. “உயிர் முக்கியமா, சம்பளம் முக்கியமா?” என்று கேட்பவர்கள் நாள் கூலியில் குடும்பம் நடத்திப் பார்த்ததில்லை.

நிர்வாகத்திடம் நாம் கேட்பது பெரிதல்ல. 40 வயதைத் தாண்டிய ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஆண்டுக்கு ஒரு நாள், சம்பளத்தோடு, தோட்டத்து லோரியிலோ வேனிலோ பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தொழிற்சங்கத் தலைவர்கள் அடுத்த ஒப்பந்தப் பேச்சில் இதையும் மேசையில் வைக்கட்டும்.

அதுவரை, நெஞ்சை அடைத்து வேர்த்தால் ஓமத் தண்ணீர் தேட வேண்டாம். 999க்கு அழையுங்கள். மண்டோரிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.