'ஹைட்' ஏத்தினால் சேற்றில் சிக்காதா? காசும் போகும்... பிரேக்கும் போகும்!

சங்கரன்கோவில்: கிழக்கே திருவேங்கடம், குருவிகுளம் பக்கம் கரிசல் காடு. மேற்கே புளியங்குடி, வாசுதேவநல்லூர் பக்கம் மலையடிவார எலுமிச்சை தோப்பு. ஐப்பசி மழை பிடித்துக் கொண்டால் இரண்டு பக்கமும் ஜீப், பிக்கப் ஓட்டுகிறவர்கள் பாடு திண்டாட்டம்தான். கரிசல் மண் டயரில் அப்பிக் கொண்டு அசைய விடாது. தோப்புப் பாதையில் பாறை அடியில் இடிக்கும்.

இதற்கு இப்போது வாலிபர்கள் சொல்கிற ஒரே வைத்தியம், 'வண்டியை ஹைட் ஏத்து'. 2020 அக்டோபரில் புது மாடல் தார் வந்த பிறகு செல்போனைத் திறந்தாலே தூக்கிக் கட்டின ஜீப் வீடியோதான். அதற்கென்றே செய்த முழு செட் வாங்கினால் லட்சத்தை நெருங்கும். அதனால் மலிவு வழி தேடுகிறார்கள்.

மலிவு வழி எது? ஒன்று, கமான் பட்டையில் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்ப்பது. அடுத்து, பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்து நீளமான யூ போல்ட் போட்டு முடுக்குவது. சுருள் ஸ்பிரிங் வண்டி என்றால் ஸ்பிரிங் தலையில் ஸ்பேசர் வைப்பது. பட்டையின் முனையில் இருக்கிற ஷாக்கிளை நீளமாக மாற்றுவதும் உண்டு. இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஷாக்கிளை 2 அங்குலம் நீட்டினால் வண்டி 1 அங்குலம்தான் ஏறும். 2010ல் வந்த பழைய தார் மாதிரி முன்பக்கம் முறுக்குக் கம்பி உள்ள வண்டியில் செலவே கிடையாது, போல்ட்டைத் திருகினால் மூக்கு மேலே வந்து விடும்.

சரி, ஏத்தியாச்சு. சேற்றில் சிக்காதா?

அங்கேதான் ஏமாற்றம். பட்டை வைத்த வண்டியில் தரைக்கு மிக அருகில் இருப்பது பாடி இல்லை. பின் அச்சின் நடுவில் குண்டாகத் தொங்குகிறதே டிபரன்ஷியல், அதுதான். பட்டை சேர்த்தாலும், கட்டை வைத்தாலும், ஸ்பேசர் போட்டாலும் மேலே போவது பாடியும் சேசிஸும் மட்டும். அச்சு இருந்த இடத்தில்தான் இருக்கும். முன்னாடி எந்தப் பாறையில் இடித்ததோ அதே பாறையில் அப்படியே இடிக்கும். அச்சு உயர வேண்டும் என்றால் டயர் பெரிசாக வேண்டும், வேறு வழி கிடையாது. கரிசல் சேற்றில் காப்பாற்றுவது டயரின் பட்டனும் நாலு சக்கர இழுவையும்தான். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டினாலே பாதி வேலை முடிந்தது. அதற்குக் காசு இல்லை.

பள்ளத்தில் இறங்கி ஏறும்போது பம்பர் தட்டாது, வயிறு உரசாது. லிப்ட்டால் கிடைக்கிற லாபம் அவ்வளவுதான். புது தாருக்கு கம்பெனியே 226 மில்லி மீட்டர் கொடுத்திருக்கிறது. எலுமிச்சை தோப்புக்குப் போய் வர இதற்கு மேல் எதற்கு என்று தெரியவில்லை.

பிரேக்குக்கு கண் தெரியாது

வாலிபர் ஜீப்பை விட்டு விடுவோம். உண்மையான ஆபத்து லோடு பிக்கப்பில் இருக்கிறது. அங்கே பட்டை சேர்ப்பது அழகுக்கு இல்லை, கூடுதல் பாரம் அடிக்க.

பல பிக்கப் வண்டிகளில் பின் அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு கம்பியோடு சின்ன வால்வு இருக்கும். பாரம் ஏறி வண்டி அமுங்கினால் கம்பி அசைந்து, 'லோடு இருக்கு, பின் பிரேக்கை கூட்டு' என்று வால்வுக்குச் சொல்லும். காலி வண்டி என்றால் பின் பிரேக்கை குறைக்கும். இல்லாவிட்டால் பின்சக்கரம் பூட்டிக் கொண்டு வண்டி சுற்றி விடும்.

இப்போது ஒரு பட்டை சேர்த்துப் பாருங்கள். பாரம் ஏற்றினாலும் வண்டி அமுங்காது. 'ஆகா, கிண்ணுன்னு நிக்குது' என்று சந்தோஷப்படுவோம். ஆனால் அமுங்காததால் வால்வுக்கு பாரம் தெரியாது. வண்டி நிறைய மூட்டை, பிரேக் மட்டும் காலி வண்டி பிரேக். முன் சக்கரம் ஒன்றே மொத்த வண்டியையும் பிடித்து நிறுத்த வேண்டும். கம்பியை சரி பண்ணாமல் பட்டையை மட்டும் சேர்த்து அனுப்பினால் இதுதான் கதி.

கவிழ்வதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. சக்கர அகலத்தில் பாதியை எடை மையத்தின் உயரத்தால் வகுக்க வேண்டும். அமெரிக்க சாலை பாதுகாப்பு துறை 2001 முதல் வண்டிகளுக்கு கவிழும் மார்க் போட ஆரம்பித்ததே இந்தக் கணக்கை வைத்துத்தான். அகலம் 150 செ.மீ., எடை மையம் 75 செ.மீ. என்று வைத்துக் கொண்டால் விடை 1. எடை மையம் 4 செ.மீ. ஏறினாலே 0.95. மேலே பத்து ஆள் நின்றால் இன்னும் இறங்கும். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவதே தப்பு. ஆனால் களை எடுக்கவும் காய் பறிக்கவும் கூலி ஆட்கள் எதில் போகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். வண்டி வளைவில் சாய்ந்தால் முதலில் தூக்கி எறியப்படுவது அவர்கள்தான். பட்டை சேர்த்தது அவர்களுக்குத் தெரியக் கூட தெரியாது.

எதிரே டி.வி.எஸ். 50ல் வருகிறவருக்கும் தொல்லை உண்டு. மூக்கு ஏறினால் ஹெட்லைட்டும் ஏறும். இதை கீழே இறக்கி வைக்க ஒரு ஸ்குரூ டிரைவர் போதும், ஆனால் யாரும் செய்வதில்லை.

ஆறு மாதம் ஜெயில்

சட்டம் என்ன சொல்கிறது? கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவு. இதையே 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட்டும் உறுதி செய்தது. அதே வருடம் வந்த திருத்த சட்டத்தில் 182ஏ பிரிவு மாற்றி எழுதப்பட்டது. அனுமதி இல்லாமல் மாற்றினால் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய், அல்லது இரண்டும். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்பதை கவனிக்கணும். தூக்கினது ஒன்று, டயர் ஒன்று என்று கணக்குப் போட்டால் 10 ஆயிரம். மலிவாக செய்த வேலையின் லாபம் அங்கேயே போச்சு.

எப்.சி.க்கு முன்னாடி கழட்டிக்கலாம் என்ற நினைப்பு உண்டு. விபத்து எப்.சி. தேதி பார்த்து வருவதில்லை. பாலிசியில் சொல்லாத மாற்றம் என்று இன்சூரன்ஸ்காரர் கையை விரித்தால், கடனில் எடுத்த வண்டிக்கு டியூ மட்டும் மிச்சம்.

அதற்காக தொங்கிப் போன பட்டையோடு ஓட்ட வேண்டும் என்று இல்லை. பழைய வண்டியில் பட்டை வளைவு போய் தட்டையாகி விடும். அதைக் கழட்டி வளைவு ஏற்றி, புஷ், யூ போல்ட் புதுசு போட்டால் வண்டி கம்பெனி உயரத்துக்கே திரும்பி வரும். இது ரிப்பேர், மாற்றம் இல்லை. 'ஹைட் பத்தலை' என்று வருகிற பழைய ஜீப் பலவற்றுக்கு இந்த ரிப்பேரே போதும். நூறு கிலோ மீட்டர் ஓடின பிறகு யூ போல்ட்டை மறுபடி ஒரு தடவை முடுக்கணும். இதை மறந்து விட்டு, பட்டை நழுவி அச்சு கோணலான பிறகு ஓடி வருகிறவர்கள்தான் அதிகம்.

செகண்ட் ஹேண்டில் பிக்கப் வாங்குகிறவர்கள் குனிந்து பின்பக்கம் பட்டையை எண்ணிப் பார்க்கவும். அதே மாடல் வேறு வண்டியை விட ஒன்று கூட இருந்தால், அந்த வால்வு கம்பி எப்படி இருக்கிறது என்று பட்டறையில் காட்டி விட்டுத்தான் அட்வான்ஸ் கொடுக்கணும். ரோட்டில் மடக்கினால் ஆர்.சி. புக்கில் யார் பேர் இருக்கிறதோ அவரைத்தான் கேட்பார்கள்.