பெற்றோர் வரவில்லையா, வரவிடவில்லையா?

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டாரங்களின் மாநகராட்சிப் பள்ளிகளில் படிக்கும் நம் பிள்ளைகள் தமிழ்ப் பாடத்தைத் தடுமாறி வாசித்தால், அதற்கு ஒரு விடை எப்போதும் ஆயத்தமாக இருக்கிறது: பெற்றோருக்கு அக்கறை இல்லை, அழைத்தாலும் வருவதில்லை.

சட்டம் வேறு விதமாகச் சொல்கிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் பிரிவு 24 ஆசிரியரின் கடமைகளை வகுக்கிறது. பெற்றோரைத் தவறாமல் சந்தித்து, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், அடைந்த முன்னேற்றம் ஆகியவற்றை எடுத்துரைப்பது அவற்றுள் ஒன்று. தாய்க்கு எழுத்தறிவு இருக்கவேண்டும் என்ற நிபந்தனை எதுவும் அதில் இல்லை. பிரிவு 21 இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும்; வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு விகிதாசார இடம் உண்டு. பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும், நிதி செலவாவதைக் கண்காணிப்பதும் அக்குழுவின் அதிகாரம். நம்மில் பலர் இதை இன்னும் ஆசிரியர் தரும் சலுகையாகவே எண்ணுகிறோம்.

2022இலும் 2024இலும் தமிழகமெங்கும் இக்குழுக்கள் மறுசீரமைக்கப்பட்டன. பட்டியலில் நம் பெண்களின் பெயர்கள் ஏறின. கூட்டமோ வேலைநாளின் பிற்பகலில் கூடுகிறது. காலையில் ஒரு வீடு, மதியம் இன்னொரு வீடு என்று பாத்திரம் துலக்குகிறவருக்கும், ஒப்பந்தத்தில் தெருக்கூட்டுகிறவருக்கும் அந்த ஒன்றரை மணி நேரம் ஒருநாள் கூலி. வந்தாலும், முன்பே எழுதிவைத்த தீர்மானத்தில் கையொப்பம் மட்டும் கேட்டால் அவர் மறுமுறை ஏன் வரவேண்டும்?

குடியிருப்பும் ஒரு காரணம். 2022 மே மாதம், பொதுத்தேர்வுக் காலத்தில், இராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டன. அதற்கு முன்பும் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அனுப்பப்பட்டிருந்தன. வேலை நகருக்குள், வீடு ஏறத்தாழ 20 கிலோமீட்டருக்கு அப்பால். விடியலில் பேருந்து ஏறும் தாயிடம் பிள்ளையின் பாடநூலைப் பார்க்கவில்லையே என்று கேட்பவர்கள், அந்தத் தொலைவை உண்டாக்கியது யார் என்று கேட்பதில்லை.

மாலையில் கூடுவது இயலாத காரியமன்று. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர்கள் மாலை 5 முதல் 7 மணிக்குள் குடியிருப்புகளிலேயே வகுப்பு நடத்தினார்கள். பிள்ளைக்காக அரசு தெருவுக்கு வந்தது. பெற்றோரின் அதிகாரத்துக்காக மட்டும் வர மறுக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத தாயும் பிள்ளை உரக்க வாசிப்பதைக் கேட்க முடியும். எங்கே நிற்கிறது, எங்கே மனப்பாடம் ஒப்பிக்கிறது என்பது அவர் காதுக்குத் தெரியும். அந்தத் தெருவகுப்புக்குப் பின் குழுவைக் கூட்டியிருந்தால் அதையும் சபையில் சொல்லியிருப்பார்.

ஆகவே கல்லூரித் தோழர்கள் தங்கள் பகுதிப் பள்ளியிலிருந்து தொடங்கலாம். ஓராண்டுக் கூட்டங்களின் தேதி, நேரம், வருகைப் பதிவு, தீர்மானங்கள் ஆகியவற்றின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் கேளுங்கள். கிடைத்ததைக் குடியிருப்பில் உரக்க வாசித்துக் காட்டுங்கள். கையொப்பமிட்டவர்கள் முன்னிலையில் வாசிப்பது இன்னும் நல்லது.