முகவரி கேட்காத வாசல்

பழைய நகரத்தின் நடுவில் புதிதாக ஒரு நூலகம் கட்டலாம் என்று பேச்செடுத்தால் முதலில் எழுகிற கேள்வி, "அந்த இடத்தின் பாரம்பரியத்துக்கு அது பொருந்துமா?" என்பதுதான். கட்டிடக் கலைஞர்கள் கேட்கிறார்கள், பக்தர்கள் கேட்கிறார்கள், பழைய வீடுகளைப் படமெடுத்துப் போடுகிறவர்களும் கேட்கிறார்கள். அந்த நூலகத்துக்குள் யாரால் தயங்காமல் நுழைய முடியும் என்று கேட்பவர்கள் குறைவு. எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியம்.

மதுரையை எடுத்துக்கொள்வோம். மீனாட்சி கோயிலை நடுவில் வைத்து, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாக விரிந்த நகரம். அந்த அழகைப் புகழாத சுற்றுலாக் கையேடு இல்லை. ஆனால் அந்தக் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் கால்வைக்க 1939 ஜூலை 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வைத்தியநாத அய்யர் அழைத்துச் செல்ல, கக்கன் உள்ளிட்டோர் உள்ளே நுழைந்த அந்த நாளும் மதுரையின் பாரம்பரியம்தான். கட்டிட விதிகளிலோ பாரம்பரியம் என்றால் கோபுரத்தின் உயரம் மட்டும்தான்: கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் எந்தக் கட்டிடமும் எழும்பக் கூடாது.

2023 ஜூலை 15 அன்று புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. அதை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் மாசி வீதிகளில் நாளெல்லாம் துணிக்கடையில் நிற்கிற பெண்ணுக்கும், மூட்டை சுமக்கிறவருக்கும், பட்டறையில் வேலை பழகுகிற பையனுக்கும் அது பஸ் ஏறிப் போக வேண்டிய இடம். வேலை முடிந்து கிடைக்கிற ஒரு மணி நேரத்தில் நடந்தே போய் உட்கார, நகரத்தின் நடுவிலும் ஒரு நவீன நூலகம் வேண்டும்.

உயர வரம்பு இதற்குத் தடையா? பிரான்சின் நீம் நகரில், ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டு பழமையான ரோமானியக் கோயிலுக்கு நேர் எதிரே 1993இல் ஒரு நூலகமும் கலைக்கூடமும் சேர்ந்த கட்டிடம் திறக்கப்பட்டது. நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்த அந்த ஒன்பது தளக் கட்டிடத்தில் பாதி, தரைக்குக் கீழே இருக்கிறது. நடுவில் கண்ணாடிக் கூரையிட்ட முற்றம் ஒன்று வெளிச்சத்தைக் கீழ்த்தளங்கள் வரை இறக்குகிறது. பழைய கோயிலும் மறையவில்லை, புதிய நூலகமும் சுருங்கவில்லை. மனமிருந்தால் பொறியியல் வழி கண்டுபிடித்துவிடும்.

வாசல் பற்றிய கேள்விக்குப் பாரிஸ் நகரத்தின் பொம்பிடு மையம் நல்ல பாடம். 1971இல் நடந்த போட்டிக்கு வந்த 681 வடிவங்களில் ரென்சோ பியானோ, ரிச்சர்ட் ரோஜர்ஸ் குழுவின் வடிவம் தேர்ந்தெடுக்கப்பட்டது. கிடைத்த இடத்தில் ஏறக்குறைய பாதியைக் கட்டாமல், யாரும் வந்து உட்காரும் திடலாக விட்டார்கள். 1977இல் திறந்தபோது பழைய நகரத்துக்கு நடுவில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள் என்று திட்டியவர்கள் ஏராளம். ஆனால் அதற்குள் இருந்த பொது நூலகம் யாரிடமும் உறுப்பினர் அட்டை கேட்கவில்லை. கட்டணம் இல்லை. புத்தகங்கள் திறந்த அலமாரிகளில் இருந்தன. இரவு பத்து மணி வரை உட்காரலாம். மாணவர்களும் அகதிகளும் வீடற்றவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள்.

அதைச் சொர்க்கமாக நான் காட்டப்போவதில்லை. அதைச் சுற்றியிருந்த பகுதி ஏழைகளின் பகுதி. பக்கத்திலிருந்த பெரும் சந்தை 1969இல் ஊருக்கு வெளியே மாற்றப்பட்டது. பிறகு வாடகை ஏறியது, பழைய ஆட்கள் வெளியேறினார்கள். 2000ஆம் ஆண்டுச் சீரமைப்பில் இன்னொன்றும் நடந்தது. நூலகத்துக்குப் பின்பக்கத் தெருவில் தனி வாசல் வைத்தார்கள். எல்லோரும் இலவசமாக ஏறி நகரத்தைப் பார்த்த நகரும் படிக்கட்டு, சீட்டு வாங்கியவர்களுக்கானது ஆகிவிட்டது. அங்கே அதைச் சாதி செய்யவில்லை, காசு செய்தது. ஆனால் தனி வாசல் என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

நம் நூலகங்களுக்கு வருவோம். புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போக உறுப்பினர் படிவம் நிரப்ப வேண்டும். அதில் முகவரி கேட்பார்கள். சாதாரணக் கேள்விதானே என்று தோன்றும். இந்த நாட்டில் முகவரி என்பது பாதிச் சாதிச் சான்றிதழ். ஒரு கிளை நூலகத்தில் என் தெருவின் பெயரைப் படித்துவிட்டு ஊழியர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவர் ஒரு வார்த்தையும் தவறாகப் பேசவில்லை. ஆனால் அடுத்த முறை அங்கே போக நான் யோசித்தேன். 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்ததே, அந்தச் சொல் எதைக் காட்டிக்கொடுக்கிறது என்பது அரசுக்கும் தெரியும் என்பதால்தான்.

ஆகவே, நகர மையத்தில் எழும் எந்த நூலகத்துக்கும் என் கோரிக்கைகள் இவை. உள்ளே உட்கார்ந்து படிக்கப் பெயரோ முகவரியோ கேட்கக் கூடாது. எல்லோருக்கும் ஒரே வாசல், அதுவும் பெருந்தெருவைப் பார்த்து, படியில்லாமல், சக்கர நாற்காலியும் தள்ளுவண்டிக்காரரின் குழந்தையும் நேராக நுழையும்படி இருக்க வேண்டும். கடை சாத்திய பிறகு வருபவருக்காக இரவு பத்து மணி வரை திறந்திருக்க வேண்டும். குடிநீரும் சுத்தமான கழிப்பறையும் வேண்டும். அந்தக் கழிப்பறையைச் சுத்தம் செய்பவர் ஒப்பந்தக் கூலியாக இல்லாமல் நிரந்தர ஊழியராக இருக்க வேண்டும். அம்பேத்கரும் அயோத்திதாசரும் பெரியாரும் மூலையில் ஒரு தனி அலமாரிக்குள் ஒதுக்கப்படாமல் வரலாறு, பொருளாதாரம், மதம், சட்டம் என்று அவரவர் எழுதிய துறையின் முன்வரிசையில் நிற்க வேண்டும். நூலகம் வருகிறது என்று சொல்லி ஒரு நடைபாதைக் கடையையும் அப்புறப்படுத்தக் கூடாது.

இது சலுகை இல்லை. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் வந்ததிலிருந்து சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்து வசூலிக்கப்படுகிறது. வாடகை வீட்டில் இருப்பவர் தன் வாடகையின் வழியாக அதைக் கட்டுகிறார். கட்டிய காசுக்கு உரிய இடத்தைத்தான் கேட்கிறோம்.

பொது இடங்கள் எல்லோருக்கும் திறந்தவை என்று பம்பாய்ச் சட்டமன்றம் 1923இல் தீர்மானம் போட்டது. மகாத் நகராட்சியும் அடுத்த ஆண்டு அதை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் மக்கள் நடந்துபோய்க் கையால் அள்ளிக் குடிக்கும்வரை சவுதார் குளத்தின் தண்ணீர் பொதுவாகவில்லை. நூலகத்துக்கும் இது பொருந்தும். உங்கள் ஊரின் நடுவில் நூலகம் கட்ட வரைபடம் வெளியிட்டுக் கருத்துக் கேட்டால், முகப்பின் அழகைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் தோழர்களே. முதலில் வாசல் எங்கே இருக்கிறது, அங்கே நிற்பவர் என்ன கேட்பார் என்று பாருங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் அடித்தளம் தோண்டுவதற்கு முன்பே எழுதிக் கொடுங்கள்.