மூட்டை இறக்க முதுகு மட்டும் போதாது

கடை மாற்றுவதும் வீடு மாற்றுவதும் நம் தொழிலில் புதிதல்ல. வாடகை ஒப்பந்தம் முடிந்தால் மாற்றுகிறோம். சாலையை அகலப்படுத்தினால் மாற்றுகிறோம். அண்ணன் தம்பி பாகம் பிரிந்தால் மாற்றுகிறோம். முன்பெல்லாம் கடையும் வீடும் ஒரே கட்டடத்தில், தரைத் தளத்திலேயே இருந்தன. இப்போது விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் மாடிமேல் மாடி எழும்பிவிட்டது. நம் உறுப்பினர்களில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாம் மாடி, மூன்றாம் மாடியில் வசிப்பவர்கள் இருக்கிறார்கள். கீழே கடை, மேலே குடோன் என்று வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். சரக்கையும் சாமானையும் ஏற்றும்போது சிறுகச் சிறுக ஏற்றுகிறோம். காலி செய்யும் நாளில் அத்தனையும் ஒரே மூச்சில் இறங்கியாக வேண்டும். பல கட்டடங்களில் லிப்ட் கிடையாது. படிக்கட்டோ, மூட்டையோடு ஒருவர் இறங்கினால் எதிரே இன்னொருவர் ஏற முடியாத அகலம்.

இந்த வேலைக்கு நாம் நம்பியிருப்பது சும்மாடு, கொக்கி, தாம்புக்கயிறு, நாலு ஆளின் முதுகு. அவ்வளவுதான். இதற்கென உள்ள சாதனங்களை நம் சங்கமே வாங்கி, உறுப்பினர்களுக்குக் குறைந்த வாடகைக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்கான காரணங்களைச் சொல்கிறேன்.

ஒரு மனிதன் எவ்வளவு சுமக்கலாம் என்பதைப் பற்றி 1967-லேயே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஒரு உடன்படிக்கை செய்தது. வயது வந்த ஆண் ஒருவர் கையால் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்பது அதோடு வந்த பரிந்துரை. சுமையை நகர்த்த இயன்றவரை தகுந்த சாதனங்களைப் பயன்படுத்த வேண்டும் என்பதும் அந்த உடன்படிக்கையில் உள்ளது. நம் நாடு 2010-ல் அதை ஏற்றுக்கொண்டது. அரிசி, சர்க்கரை, சிமெண்ட் எல்லாம் 50 கிலோ மூட்டைக்கு வந்துவிட்டதை நாமே பார்க்கிறோம். ஆனால் நெல் என்றால் 75 கிலோ, மல்லாட்டை என்றால் 80 கிலோ, உளுந்து என்றால் 100 கிலோ என்று மூட்டைக் கணக்குப் போடும் பழக்கம் நம் பகுதியில் வேரோடியது. அந்த மூட்டையைத்தான் ஐம்பது வயதைத் தாண்டியவர் மாடிப்படியில் சுமக்கிறார். அவருடைய மகன் அந்த வேலைக்கு வருவதில்லை. வராததில் தவறும் இல்லை. இன்னும் பத்து வருடம் கழித்து யார் முதுகை நம்பப்போகிறோம் என்று ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டும்.

சாதனம் என்றவுடன் பெரிய இயந்திரம் என்று பயப்பட வேண்டாம். முதலாவது, இரண்டு சக்கரக் கைவண்டி. மூட்டையை நிமிர்த்திவைத்து வண்டியைச் சாய்த்தால் பாரத்தில் பெரும்பகுதி சக்கரத்தின் மேல் போய்விடும். ஆள் தள்ளினால் போதும். இதிலேயே பக்கத்துக்கு மூன்று சிறு சக்கரம் வைத்த வண்டி உண்டு. அது சுழன்று சுழன்று படியேறும், படியிறங்கும். பீரோவுக்கும் பிரிட்ஜுக்கும் அதுவே ஏற்றது. பட்டைவாரால் இறுக்கிக் கட்டி, மேலே ஒருவர், கீழே ஒருவர் நின்று பதமாக இறக்க வேண்டும்.

இரண்டாவது, நான்கு சக்கரப் பலகை வண்டி. சமதரையில் டின்களையும் அட்டைப்பெட்டிகளையும் பத்துப் பத்தாக நகர்த்தலாம். மூன்றாவது, சாய்வுப் பலகை. லாரியின் தளம் நான்கடி உயரம் என்றால் பன்னிரண்டடிப் பலகை போட்டுக் கைவண்டியைத் தள்ளுங்கள். உராய்வைத் தள்ளிப் பார்த்தால், 100 கிலோவை ஏற்ற 33 கிலோவைத் தூக்கும் பலம் போதும். நான்காவது, குடோன்களில் மரத்தட்டின் மேல் அடுக்கிய மூட்டைகளை அப்படியே தூக்கி நகர்த்தும் கை ஜாக்கி வண்டி. ஒரு ஆள் இரண்டு டன்வரை இழுக்கலாம். ஆனால் தரை மட்டமாக இருக்க வேண்டும். படிக்கட்டில் அதற்கு வேலை இல்லை.

ஐந்தாவது, கப்பி. கிணற்றடியில் நாம் பார்த்த ராட்டினம்தான். ஒற்றைக் கப்பி பாரத்தைக் குறைக்காது, இழுக்கும் திசையைத்தான் மாற்றும். கீழே இன்னொரு கப்பி சேர்த்தால் பாரம் பாதியாகும். செயின் பிளாக் என்றால் ஒரே ஆள் அரை டன்னையும் இறக்கலாம். ஐரோப்பாவில் ஆம்ஸ்டர்டாம் நகரத்து வியாபாரிகளின் பழைய வீடுகளில் படிக்கட்டு மிகக் குறுகல். அதனால் கூரை உச்சியில் ஒரு உத்தரத்தை வெளியே நீட்டி, கொக்கி மாட்டி, சரக்கையும் சாமானையும் ஜன்னல் வழியாகவே ஏற்றி இறக்கினார்கள். இன்றும் அந்த வீடுகளில் அந்தக் கொக்கியைப் பார்க்கலாம். தென்கொரியாவில் அடுக்குமாடி வீடு மாற்றுபவர்கள் லாரியோடு சேர்ந்த ஏணித்தூக்கியை ஜன்னலுக்கே நீட்டிச் சாமானை இறக்குகிறார்கள். நாமும் புதிதாகக் கட்டும்போதே மாடியில் ஒரு இரும்பு உத்தரத்தைப் பொறியாளரைக் கேட்டு உறுதியாகப் பதித்துவிட்டால், பிறகு காலமெல்லாம் கவலை இல்லை. இறக்கும்போது கீழே யாரும் நிற்கக்கூடாது என்ற ஒரு கட்டுப்பாடு மட்டும் தேவை.

சாதனம் வந்தால் சுமை தூக்குபவர் பிழைப்பு போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். கைவண்டி தானாக நடக்காது. அதைத் தள்ள ஆள் வேண்டும், கட்ட ஆள் வேண்டும், கப்பிக் கயிற்றைப் பிடிக்க ஆள் வேண்டும். நாற்பத்தைந்து வயதில் இடுப்புப் பிடித்து வீட்டில் உட்காரும் தொழிலாளி, வண்டி இருந்தால் அறுபது வயதுவரை சம்பாதிப்பார். ஒன்று மட்டும் நாம் உறுதி கொள்ள வேண்டும். வண்டி வந்துவிட்டது என்று மூட்டைக்கூலியைக் குறைக்கக் கூடாது. குறைத்தால் அவர்கள் வண்டியைத் தொடமாட்டார்கள், அது மூலையில் துருப்பிடிக்கும். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் நம் மாநிலத்தில் சட்டம் வந்தது. உள்ளே நிற்பவரின் காலுக்கு ஓய்வு கொடுத்த நாம், வெளியே சுமப்பவரின் முதுகையும் நினைக்க வேண்டும்.

இது வீடு மாற்றுவதற்கு மட்டும் உதவும் காரியமும் அல்ல. 2024 நவம்பர் 30-ம் தேதி இரவு பெஞ்சல் புயல் கரையைக் கடந்ததை மறக்க முடியுமா? நம் இரண்டு ஊர்களுக்கும் நடுவே உள்ள மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தண்ணீர் வாசலுக்கு வந்தபிறகு ஆளைத் தேடினால் எவர் வருவார்? அவரவர் வீட்டைப் பார்க்கத்தானே ஓடுவார்கள். அடித்தட்டு மூட்டை நனைந்தால் பருப்பும் போச்சு, சர்க்கரையும் போச்சு. புயல் எச்சரிக்கை வந்ததுமே ஒரு கைவண்டியும் ஒரு பலகையும் கையில் இருந்தால், முதலாளியும் பையனுமாகவே பாதிச் சரக்கை மேட்டுக்கு ஏற்றிவிடலாம்.

ஒவ்வொரு கடைக்காரரும் இவற்றைச் சொந்தமாக வாங்க வேண்டுமென்றால் கட்டாது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தேவைப்படும் சாமானுக்கு யார் பணம் முடக்குவார்கள்? கைவண்டிக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். ஜாக்கி வண்டி இருபதாயிரத்தைத் தொடும். தனி ஆளுக்குப் பாரமான இந்தத் தொகை சங்கத்துக்குப் பாரமல்ல. ஆகவே விழுப்புரத்தில் ஒரு தொகுப்பு, திண்டிவனத்தில் ஒரு தொகுப்பு என்று வாங்கி வைக்கலாம். எடுப்பவர் முன்பணம் கட்டி, பதிவேட்டில் கையெழுத்திட்டு எடுக்கட்டும். நாள் வாடகை வசூலித்து, அந்தப் பணத்திலேயே கயிறும் சக்கரமும் மாற்றிக்கொள்ளலாம். புயல் மழைக் காலத்தில் வாடகை இல்லாமல் கொடுக்க வேண்டும். வாங்குவதற்கு முன் சுமை தூக்கும் தொழிலாளர்களையும் அழைத்து, எந்த வண்டி கைக்கு வாகாக இருக்கிறது என்று அவர்கள் வாயாலேயே கேட்க வேண்டும்.

அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரும்படி சங்க நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக முதல் கைவண்டியாவது சங்கக் கட்டடத்துக்கு வந்து சேர வேண்டும்.